முறைத் தண்ணீருக்குக் காத்திருந்த கொள்ளைக் கப்பல்

பிப்ரவரி 11. காலை 9.05: காபி ஆறுவதாக என் மனைவி அடுக்களையிலிருந்து தெரிவித்தார். நான் கூடத்தில், செய்தித்தாளைப் பார்த்து அணையின் நீர்மட்டத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 9.20: அடுக்களைக்குச் சென்றேன். அவர் தரையில் கிடந்தார். கைப்பேசி அடுப்பு மேடைமேல் இருந்தது. 9.50: மருத்துவர் வந்தார். 9.55: இறப்பை உறுதி செய்தார்.

பிப்ரவரி 12. தகனம். வானம் தெளிவு.

பிப்ரவரி 26. பதினாறாம் நாள் காரியம். மகள் அன்று மாலையே மஸ்கட்டுக்குத் திரும்பினாள்.

பிப்ரவரி 28. மனைவியின் கைப்பேசிக்கு ஒரே நாளில் நூற்றுப்பதினேழு அறிவிப்புகள் வந்தன. திரையில் தெரிந்த முதலாவது: "அக்கா, கப்பல்காரி செத்துட்டாளா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

குறிப்பேட்டின் பதிவு இத்துடன் நிற்கிறது. எஞ்சியதை வேறு தாளில் எழுத நேர்ந்தது. நீர்மட்டத்தைப்போல அது ஒரு வரியில் அடங்குவதாக இல்லை.

நான் பாசனத் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பொறியாளராகப் பணியாற்றியவன். ஆற்று வண்டல் படியும் விதம் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவன். அந்த ஆய்வேட்டை இதுவரை படித்தவர்கள், தேர்வாளர்கள் உட்பட, நால்வர். என் மனைவி குடவாசலில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரைப் பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள் என்பதை நான் அறிந்தது, அவர் இறந்து பதினேழு நாள் கழித்து.

மகளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அம்மா போன்ல யாரோ கப்பல்காரியைப் பத்திக் கேக்கறாங்க. நம்ம சொந்தத்துல அப்படி யாரும் இல்லையே?"

"அப்பா, அம்மா கதை எழுதினாங்கப்பா. ஒரு ஆப்ல. தொடர்கதை. மூணு வருஷமா."

"என்ன கதை?"

"கடல் கொள்ளைக்காரி கதை. சின்னப் பிள்ளைங்க, காலேஜ் பிள்ளைங்க எல்லாம் படிக்கிறது."

"எந்தக் கடல்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கத்தக்க வேறு கேள்விகள் இருந்தன என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றும் கேட்டேன்.

"சொன்னா நீங்க திருத்துவீங்கன்னு அம்மா சொல்லுவாங்க."

கைப்பேசியின் பூட்டு எண்ணை மகளே சொன்னாள். அது என் பிறந்த நாளும் அல்ல, எங்கள் மணநாளும் அல்ல. எரிவாயு இணைப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்.

மார்ச் மாதம் முழுவதும் படித்தேன். முப்பத்தொன்பது அத்தியாயங்கள். கதையின் நாயகிக்குப் பதினாறு வயது. பெயர் கிடையாது, எல்லாரும் கப்பல்காரி என்றே அழைக்கிறார்கள். கடலோரத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். மேற்கே ஒரு மன்னன் ஆற்றை நாற்பத்தொரு மதகுகளுக்குப் பின்னால் பூட்டி வைத்துவிட்டான். கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை. எனவே அவள் ஒரு கப்பலைத் திருடிக்கொண்டு, கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்து, ஒவ்வொரு மதகாக உடைத்துக்கொண்டு மேற்கே ஏறி வருகிறாள். அத்தியாயத்துக்கு ஒரு மதகு. கப்பலை ஓட்டுவது காற்றன்று, குலவை. நடவு வயலில் பெண்கள் இடுவதுபோல் அவளுடைய ஆட்கள் பதினைந்து பெண்களும் சேர்ந்து குலவையிட்டால், கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் அந்தக் கப்பல் எழுந்து ஓடும். பிற கொள்ளைக் கப்பல்களில் கிளி இருப்பது வழக்கம் என்று பின்னர் அறிந்தேன். இதில் பாய்மரத்தின் உச்சியில் வயல்வெளிக் கொக்கான மடையான் ஒன்று நிற்கிறது. அது பேசாது. ஆபத்து வரும்போது காலை மாற்றி நிற்கும்.

ஒரு பொறியாளன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் இருந்தது. கீழ்மதகுகளை உடைத்துக்கொண்டே ஏறினால் தேக்கிய தண்ணீரெல்லாம் கடலுக்கு வடிந்துவிடும். பத்தாவது மதகைத் தாண்டும் முன்பே கப்பல் மணலில் அமர்ந்துவிடும். இதைப் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் ஓரத்தில் குறிக்க விரும்பினேன். கைப்பேசிக்கு ஓரம் இல்லை.

படிக்கப் படிக்கச் சென்ற மூன்று ஆண்டுகளின் சில புதிர்கள் அவிழ்ந்தன. ஒருநாள் இட்லிக்குச் சட்னி பரிமாறியபடி அவர் கேட்டார்: "ஏங்க, தட்டையான அடிப்பாகம் உள்ள கப்பல்ல முப்பது பேர் ஏறினா, எவ்வளவு ஆழம் தண்ணி வேணும்?"

"பாரம் எவ்வளவு?"

"பதினஞ்சு பேரு பொம்பளைங்க. மிச்சம் பேரு பிடிபட்டவங்க."

நான் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்கிட்டு, இரண்டரை அடி என்றேன். பிடிபட்டவர்கள் யார் என்று கேட்கவில்லை. "எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன். "பிள்ளைங்க கேட்டாங்க" என்றார். அவர் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்று அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

மற்றொரு நாள் அடுக்களையிலிருந்து அவர் குரல் ஓங்கி ஒலித்தது: "இன்னொரு அடி முன்னால எடுத்து வெச்சே, கழுத்தை அறுத்து ஆத்துல விட்டுடுவேன்!" சீர்காழியில் இருக்கும் தங்கையோடு பாகப்பிரிவினை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். பிறந்த வீட்டு விவகாரத்தில் தலையிடாத பண்பாளனாக எழுந்து சென்று கதவைச் சாத்திக்கொண்டேன். அது பத்தொன்பதாம் அத்தியாயம்.

ஏழாம் அத்தியாயத்திலிருந்து கதையில் மதகதிகாரி என்று ஒருவர் வருகிறார். மன்னனின் மதகுகளுக்குப் பொறுப்பாளர். கப்பல்காரி எந்த மதகுக்குச் சென்றாலும் அவளுக்கு முன்பே அங்கே நின்று, விதிகளைப் படித்துக் காட்டுகிறார். கையில் எப்போதும் குடை. கூரைக்கு அடியிலும் விரித்தே வைத்திருக்கிறார். சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். வாசகிகளுக்கு அவரை அறவே பிடிக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் அவரை முதலைக்குப் போடும்படி விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. எனக்கோ அவர்மீது நாளுக்கு நாள் மதிப்பு கூடியது. மகளிடம் அதைச் சொன்னேன்.

"கதையிலேயே அந்த ஒரு ஆள்தான்மா பொறுப்பா நடந்துக்கறார்."

"அப்பா."

"என்னம்மா?"

"அது நீங்கதான்பா."

"எந்த ஆதாரத்துல சொல்ற?"

"குடைப்பா."

"அப்ப என் ஆபீஸ் கூரை ஒழுகிச்சு. உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும்பா. அம்மாவுக்கும் தெரியும். அதனாலதான் எழுதியிருக்காங்க."

அன்று நான் மேற்கொண்டு படிக்கவில்லை.

வெளியிடப்படாத நாற்பதாம் அத்தியாயம் கைப்பேசியிலேயே இருந்தது. அதை வெளியிடும் முறை எனக்குத் தெரியவில்லை. பேருந்து நிலையத்தின் அருகே தட்டச்சும் ஜெராக்ஸும் ஆதார் திருத்தமும் செய்துதரும் கடை ஒன்று உண்டு. அதை நடத்துபவர் நாற்பது வயதைக் கடந்த பெண்மணி, நாகூரில் பிறந்து குடவாசலில் வாழ்க்கைப்பட்டவர், கணவர் துபாயில். பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். நான் விஷயத்தை விளக்கியதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யா அல்லா! கப்பல்காரியை எழுதினது டீச்சரா? நம்ம டீச்சரா? மாசாமாசம் ரீசார்ஜ் பண்ண வந்து, மை இல்லாத பேனாவைக் குடுத்துட்டேன்னு எங்கிட்ட சண்டை போடுவாங்களே, அந்த டீச்சரா?"

"ஆமாம்."

"சார், மாசக் கடைசி வெள்ளிக்கிழமையானா எங்க வீட்ல ஒரு போனுக்கு மூணு பேரு அடிச்சுக்குவோம் சார். பெரியவ சொல்றா, அந்த மதகதிகாரியை முதலைக்குப் போடணும்னு. சின்னவ சொல்றா, தவளையா மாத்தி அவன் மதகுலயே விட்டுடணும்னு. எனக்கு அந்தாளைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ரெண்டு அப்பு அப்பிவிட்டா போதும், அந்தக் குடையை வெச்சு..."

அவர் பார்வை என் கையிலிருந்த குடையில் தங்கியது. பிறகு சட்டைப் பைக்கு ஏறியது. பேனாக்களை எண்ணுகிறார் என்று அறிந்தேன்.

"சாரி சார்," என்றார்.

"பரவாயில்லை. அத்தியாயத்தைப் பாருங்க."

அவர் கைப்பேசியை வாங்கிப் படித்தார். முகத்தில் குழப்பம் தோன்றியது. "சார், டீச்சர் வாயால சொல்லித்தான் எழுதியிருக்காங்க. நாம பேசினா போன் அதுவா டைப் அடிச்சுக்கும். ஆனா சமைச்சுக்கிட்டே பேசியிருக்காங்க. பாருங்க." உரக்கப் படித்தார்: "பீரங்கி முழங்கியது கரும்புகை ஆற்றை மூடியது குக்கர் நாலு விசில் ஆயிடுச்சு இறக்கணும் கப்பல்காரி பாய்மரத்தில் பாய்ந்து ஏறினாள். அப்புறமா உக்காந்து இதையெல்லாம் எடுத்துட்டுதான் போடுவாங்கபோல. இதை எடுக்க நேரம் இல்லாம..."

கடைசி வரிக்குச் சென்றார். கப்பல், கடைசி மதகின் முன்னால் நிற்கிறது. மேலே மதகதிகாரி. "கப்பல்காரி அண்ணாந்து மதகதிகாரியைப் பார்த்துச் சொன்னாள் காபி ஆறுது வாங்க."

"இதையும் எடுத்துடவா சார்?"

"வேண்டாம்."

"இது கதையில்லையே சார்?"

"மூலபாடத்துல கை வைக்கக்கூடாது. எழுதினவங்க எழுதினபடியே இருக்கட்டும். குக்கரும் இருக்கட்டும்."

பதிப்பு நெறி பற்றி அவருக்கு ஐந்து நிமிடம் விளக்கினேன். அந்தக் கடைசி வரி யாருக்குச் சொல்லப்பட்டது, எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது என்பதை விளக்கவில்லை. அவர் நான் சொன்னபடியே வெளியிட்டார்.

வாசகிகளின் வரவேற்பு நான் சற்றும் எதிர்பாராதது. நான்கு விசில் என்பது எதிரிப் படைக்குள் இருக்கும் உளவாளி தரும் சைகை என்று ஒருத்தி நிறுவியிருந்தாள். குக்கர் என்பது புதுவகைப் பீரங்கியின் பெயர் என்றாள் மற்றொருத்தி. காபியைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடே இல்லை: "காபியில விஷம்! செம அக்கா! குடிடா மதகு!"

ஆக, எஞ்சியது ஒரே ஓர் அத்தியாயம். கடைசி மதகு திறக்கிறதா, மதகதிகாரி என்னவாகிறார் என்பதைச் சொல்ல வேண்டிய அத்தியாயம். பதினோராயிரம் பேர் அவருடைய சாவுக்குக் காத்திருந்தார்கள். என் மனைவி அவருக்கு என்ன முடிவு நினைத்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கோடையில் எனக்கு வேறு வேலையும் இல்லை. மகளைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. வேறு வழியின்றி நானே எழுத அமர்ந்தேன்.

ஏழு வாரங்கள் எழுதினேன். வரைவை ஜூன் பன்னிரண்டாம் தேதி, மேட்டூர் திறக்கும் நாளன்று, கடைக்குக் கொண்டுசென்றேன். நல்ல நாள் என்று கருதினேன். அவர் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர், நான்காம் பக்கத்தில் கையை எடுத்துவிட்டார்.

"சார், கப்பல் ஏன் சார் நிக்குது?"

"முறை. தண்ணி பத்தாதபோது ஆறு நாள் ஒரு ஆத்துக்கு, ஆறு நாள் அடுத்த ஆத்துக்குன்னு மாத்தி மாத்தி விடறது. கப்பல் வந்து சேர்ந்த அன்னைக்குத்தான் இந்த ஆத்துக்கு முறை முடிஞ்சுது. அடுத்த முறை வரைக்கும் ஆறு நாள் நிக்கணும்."

"முறைன்னா என்னன்னு எனக்குத் தெரியும் சார், எங்க வீட்லயும் ஒன்றரை மா நிலம் இருக்கு. அவ எதுக்கு சார் நிக்கணும்?"

"எல்லாரும்தானே நிக்கறாங்க."

"அவ கொள்ளைக்காரி சார்!"

"கொள்ளைக்காரியா இருந்தாலும் கடைமடைக்காரி. முறை மீறினா பக்கத்து ஆத்துக் கடைமடை காயும். அது அவளுக்குத் தெரியாதா?"

அந்த வாதத்தின் வலிமையில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இது என்ன சார், மனுவா?"

"ஆமாம். மதகைத் திறக்கச் சொல்லி மதகதிகாரிக்குக் கப்பல்காரி எழுதற மனு. மூணு பிரதி."

"மனு குடுத்துட்டு எவ சார் கொள்ளையடிப்பா? இந்தக் கட்டம் போட்டது?"

"ஆறு நாள் நீர்மட்ட அட்டவணை."

"மடையான் என்ன சார் பண்ணுது, இந்த ஆறு நாளும்?"

"நிக்குது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தார். என் முடிவில் மனு ஏற்கப்படுகிறது. ஏழாம் நாள் காலை மதகதிகாரி உரிய ஆணையுடன் மதகைத் திறக்கிறார். கப்பல்காரி நன்றி தெரிவிக்கிறாள். யாரும் முதலைக்கு இரையாகவில்லை. விஷக் காபிக்கு விளக்கமாக, அது ஆறியிருந்ததால் மதகதிகாரி குடிக்கவில்லை என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும் தந்திருந்தேன்.

"போட்டுடவா சார்?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன்.

மறுநாள் காலைக்குள் அறுநூறு கருத்துகள். சிலவற்றை எழுத்து மாறாமல் தருகிறேன். "மூணு வருஷம் படிச்சோம், கடைசியில கப்பல்காரியைத் தாலுகா ஆபீஸ்ல நிக்க வெச்சுட்டீங்க." "அடிக்குறிப்பு போட்ட கொள்ளைக் கதையை இப்பதான் முதல்தடவை பாக்கறேன்." "என் தோழி அழறா. நானும்." "மதகு ஜெயிச்சுட்டான்." கடைமடைக்காரி முறை மீறமாட்டாள் என்ற வாதத்தை ஒருத்தி மட்டும் ஒப்புக்கொண்டிருந்தாள். அவள் தந்தையும் பாசனத் துறை என்று எழுதியிருந்தாள்.

இவற்றுக்கெல்லாம் நடுவே ஒரு கருத்து: "அக்கா, இது நீங்க எழுதின மாதிரியே இல்லை. உடம்பு சரியில்லையா?"

குடையை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, அத்தியாயத்தை நீக்கிவிடச் சொன்னேன். அவர் கேள்வி கேட்காமல் நீக்கினார். கைப்பேசியைத் திருப்பித் தராமல் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், டீச்சர் வேற எங்கயாச்சும் குறிச்சு வெச்சிருப்பாங்க சார். பாடம் நடத்தறவங்க குறிப்பு இல்லாம வரமாட்டாங்க. நான் பாக்கலாமா?"

நான் தலையசைத்தேன். அவர் ஏதேதோ திறந்து பார்த்தார். பால் கணக்கு இருந்தது. என் ரத்த அழுத்த மாத்திரைகளின் பெயர்கள் இருந்தன. பேத்திக்கு அனுப்ப வேண்டிய முறுக்கு, சீடை. அதற்கடியில் "கப்பல் ஆட்கள்" என்று ஒரு பட்டியல்.

பதினைந்து பெண்கள், அவரவர் வேலையோடு எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தார்கள். பாய் இழுப்பவள், நங்கூரம் போடுபவள், அரிவாள் தீட்டுபவள், சோறு வடிப்பவள். பதினாறாவது எண்ணுக்கு எதிரே ஆள் இல்லை. வேலை மட்டும் இருந்தது. கடைக்காரர் அதை என்னிடம் நீட்டினார், உரக்கப் படிக்கவில்லை.

"16. கப்பலுக்குள் ஊறும் தண்ணீரை இறைக்க ஒருவர். கடைசி அத்தியாயத்தில் ஏறுவார். கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம். குடை கொண்டுவரலாம்."

எனக்கு நீச்சல் தெரியாது. முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆற்றங்கரைகளிலும் மதகுப் பாலங்களிலும் நடந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்பது துறையில் எவருக்கும் தெரியாது. ஒருவருக்கு மட்டுமே தெரியும். திருமணமான புதிதில் முத்துப்பேட்டைக் காயலில் படகில் போகலாம் என்று அவர் கேட்டபோது, அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. வெளியில் சொன்ன காரணம், படகில் மிதவைச் சட்டை இல்லை என்பது. பிறகு, ஓய்வுபெற்றதும் போகலாம் என்றேன். ஓய்வுபெற்றதும், மழை விட்டபின் போகலாம் என்றேன். காயலுக்கும் ஒரு முறை வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

"தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேண்டாம். இதுக்கு ஒரு பிரதி எடுத்துக் குடுங்க."

"ஒரு பிரதி போதுமா சார்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சட்டெனச் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை அடுக்களைக்குச் சென்றேன். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. தெருவில் பெண்கள் காதோலை கருகமணியோடு படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சிறு சப்பரங்களை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் பாலை அடுப்பில் வைத்து, கைப்பேசியை மேடைமேல் அவர் வைத்த இடத்தில் சாய்த்து வைத்து, பேசத் தொடங்கினேன். உரைநடையை உரக்கப் பேசி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. முதல் வாக்கியத்தில் "எனவே" என்று சொன்னேன். அழித்தேன். பிறகு வந்தது.

அது ஒரு பக்கம்கூட இல்லை. கப்பல்காரி அண்ணாந்து பார்த்து, "காபி ஆறுது, வாங்க" என்கிறாள். மதகதிகாரி மேலே நின்று அன்றைய நீர்மட்டத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். பாதி எழுதியிருக்கிறார். அதை அப்படியே வைத்துவிட்டு, மதகைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடியை அவளிடம் தூக்கிப் போட்டுவிட்டு, உடனே இறங்கி வருகிறார். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். குடை தண்ணீரில் விழுந்து, விரிந்தபடியே கடைமடையை நோக்கிப் போகிறது. பதினைந்து பேரும் குலவையிடுகிறார்கள். மதகு எழுகிறது. காபி சூடாக இருக்கிறது. குடித்து முடித்ததும் கப்பல்காரி அவர் கையில் ஒரு தகர வாளியைக் கொடுக்கிறாள். அவர் இறைக்கத் தொடங்குகிறார். எத்தனை வாளி என்று எண்ணிக்கொண்டே இறைக்கிறார். அதை யாரும் தடுக்கவில்லை.

குலவைக்கும் மதகுக்கும் இடையில் "ஐயோ பால் பொங்குது" என்று ஒரு வரி பதிவாகியிருந்தது. அதை எடுக்கவில்லை.

வெளியிட்டது கடைக்காரர். அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். "சார், சின்னவ ஒத்துக்கிட்டா. பெரியவ மட்டும் முதலையைக் கண்ணுலயே காட்டலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா. ஆனா மூணு தடவை படிச்சுட்டா சார். நான் எண்ணினேன்." பிறகு, "அந்தப் பால் பொங்கினது நல்லா இருந்துச்சு சார். டீச்சர் எழுதின மாதிரியே இருந்துச்சு" என்றார்.

அடுப்பை மறுநாள் துடைத்தேன்.

நிலுவை:

1. எழுதியவர் இல்லை என்பதை வாசகிகளுக்கு அறிவிக்க வேண்டும். நான்கு வரைவுகள் எழுதியாயிற்று. நான்கிலும் அடிக்குறிப்பு இருக்கிறது.

2. முப்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வாடைக்காற்று சித்திரையில் வீசுகிறது. திருத்துவதில்லை என்று முடிவு. முடிவை மறுபடி பரிசீலிக்காமல் இருக்க வேண்டும்.

3. முத்துப்பேட்டைப் படகு. எத்தனை பேர் என்று கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன். சொல்ல வேண்டும்.

4. புதுக் குடை.

5. பிப்ரவரி 11 அன்றைய நீர்மட்டம் குறிப்பேட்டில் பாதியில் நிற்கிறது.

6. நாகூரிலிருந்து ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள்: கடைசி மதகு திறந்தபோது மடையான் எந்தக் காலில் நின்றது? பதில் எழுத வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.